பதினெட்டாம் நாள் ஏப்பம்

2003ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், முள்ளியவளைப் பக்கத்தில், ஜொஹறா வீட்டுப் பனையோலைக் கடகத்தில் அடையிலிருந்த பதின்மூன்று முட்டைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஏப்பம் விட்டன. பெரிய ஏப்பமில்லை, கஞ்சி குடித்த சிறுபிள்ளை விடுகிற அளவு. ஒவ்வொன்றுக்கும் ஜொஹறா "அல்ஹம்துலில்லாஹ்" சொன்னாள். ஏழாவதோடு அவளுக்கு வாய் களைத்துவிட்டது. அடைக்கோழி எதுவும் நடக்காததுபோலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. கடகத்தடியில் குந்தியிருந்த அமராவதிதான் கையை மடிக்குள் ஒளித்தாள், ஏனென்றால் அந்த முட்டைகளை அடைவைத்தவள் அவள்.

அடைவைக்கக் கைராசி வேண்டும். அமராவதி எழுபத்தேழில் மலைநாட்டிலிருந்து தாய் தகப்பனோடு வந்து காடு வெட்டிக் குடியேறியவள். பதினாறு வயதிலிருந்தே ஊருக்கெல்லாம் அடைவைத்துக் கொடுத்தாள். கடகத்தில் சாம்பல் பரப்பி, வைக்கோல் போட்டு, இடி முழக்கத்தில் முட்டை கெடாதிருக்க ஓர் ஆணியும் கரித்துண்டும் செருகி, ஒற்றைப்படையாய் முட்டை அடுக்கினாளென்றால் ஒன்றும் கூழாகாது. ஆனால் இரண்டு வருடமாக அவள் அடைவைத்த குஞ்சுகள் பொரித்து எட்டாம் நாள் வெள்ளையாய்க் கழிந்து செத்தன. எல்லாருடைய குஞ்சுகளும்தான் செத்தன. ஆனாலும் அவள் வேலிக்கு அப்பால் குடியிருந்த வீரபாகு, அவளின் கை கூழ்முட்டைபோல் அவிந்துபோய்விட்டது என்று சந்தையில் சொல்ல, அதுவே ஊர்க்கதையானது. பிறகு நாற்றுமேடைக்கு விதை தூவவும் மிளகாய்க் கன்று நடவும்கூட அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. கடைசியில் அவளுக்கே தன் கையில் நம்பிக்கை போய், கறிக்கு உப்புப் போடப் புருஷன் ராசுவைக் கூப்பிடத் தொடங்கினாள்.

ஜொஹறாவுக்கு இந்தக் கதை தெரியாது. தொண்ணூறில் முஸ்லிம் சனம் எல்லாரோடும் இடம்பெயர்ந்து, பதின்மூன்று வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு, அந்த வருடம்தான் திரும்பி வந்து இரண்டு எருமை வாங்கித் தயிர் போட்டுக்கொண்டிருந்தாள். அமராவதி கையைப் பற்றி அவளிடம் இருந்தது பழைய நம்பிக்கை, போகும்போது எப்படி இருந்ததோ அப்படியே.

"என் கை இப்ப சரியில்லக்கா," என்றாள் அமராவதி.

"உன்ட கைய எனக்குத் தெரியாதா புள்ள? வெச்சுத் தா."

இந்தக் குஞ்சுகளும் செத்தால் இனி ஊரில் எதையும் கையால் தொடுவதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் அமராவதி முட்டைகளை வைத்தாள்.

பதினெட்டாம் நாள் முட்டைகளை இளஞ்சூட்டுத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது வழக்கம். உயிருள்ள முட்டை ஆடும். குசினிக்குப் பின்னால் ஒரு சட்டித் தண்ணீர் வெயிலில் இதமாய்ச் சுட்டுக் கிடந்தது. ஜொஹறா சுடவைத்து எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்து, அமராவதி எல்லாவற்றையும் அதில் விட்டாள். அது கறிவேப்பிலைக்கு ஊற்ற வைத்திருந்த, தயிர்ச்சட்டி கழுவிய தண்ணீர். முட்டைகள் ஆடின. துடைத்துக் கடகத்தில் வைத்த கையை எடுக்கமுன் ஏப்பம் தொடங்கியது. கெட்டுப்போச்சு என்று அவள் அழ ஆயத்தமாக, ஜொஹறா சொன்னாள்: "பசியில அழுதாத்தான் பயப்படோணும். ஏப்பம் விடுறதுக்கு என்னத்துக்குப் பயம்?"

அடுத்த நாள் எருமைகளைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் வந்த கால்நடை வைத்தியர் செல்வநாயகம், குழாயைக் காதில் மாட்டி ஒவ்வொரு முட்டையாகக் கேட்டார். தண்ணீர்ச் சங்கதியை விசாரித்தார். பிறகு கதிரையில் சாய்ந்து சிரித்தார்.

"குஞ்சின்ரை வயிறு கிளிநொச்சி பஸ் மாதிரி, அம்மா. ஆர் முந்தி சன்னலாலை லேஞ்சித்துண்டு போட்டு இடம் பிடிக்கினமோ அவைக்குத்தான் சீற்று. தயிரிலை இருக்கிற நல்ல கிருமியள் பொரிக்க முன்னமே ஏறி இருந்திட்டுதுகள். வெளிநாட்டிலை இதைப் பதினெட்டாம் நாள் ஊசியாலை முட்டைக்குள்ளை விடுகினம். நீங்கள் சட்டியாலை செய்துபோட்டியள்." ஏப்பம் பற்றி வெளிநாட்டில் என்ன சொல்கிறார்கள் என்று ஜொஹறா கேட்டாள். அதுபற்றித் தான் படிக்கவில்லை என்றார்.

பதின்மூன்றும் பொரித்தன. எட்டாம் நாள் நோய் வந்தது. ஆட்டுக்குட்டி அளவில், சாம்பல் நிறப் புகையாய், மூன்று வளவுக் குஞ்சுகளை முடித்துக்கொண்டு வேலிப் படலையால் நுழைந்தது. அமராவதி விளக்குமாறோடு நின்றாள், தேவைப்படவில்லை. அது ஒவ்வொரு அலகுக்குள்ளும் போய், உள்ளே இருந்த சனத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. பதின்மூன்றாவதிலும் இடமில்லை. போகிற வழியில் அது பஸ் ஏறியதை, தரிப்பிடத்தில் நின்ற வீரபாகு தன் கண்ணால் கண்டார். அங்கேயும் சீற்று இல்லாமல் நின்றுகொண்டே போனதாம்.

அன்று பின்னேரமே அவர் கடகத்தில் பதினைந்து முட்டையோடு வந்து அமராவதி வேலியோரம் நின்றார்.

"தங்கச்சி, இதுகளை ஒருக்கா…"

"அவிஞ்ச கையாச்சே அண்ணே. நாறாதா?"

"தயிர் மணந்தாப் போதும்," என்றார் வீரபாகு, நிலத்தைப் பார்த்தபடி.

அமராவதி கடகத்தை வாங்கினாள். அன்றிரவு கறிக்கு உப்பும் அவளே போட்டாள். சற்றுக் கூடிவிட்டது, ராசு இன்னொரு அகப்பை சோறு போட்டுப் பிசைந்தான். அடுத்த போகத்துக்கு நாற்றுமேடை விதையும் அவள் கையால்தான் விழுந்தது. 2006இல் சண்டை மூண்டு பாதை பூட்டியபோது வைத்தியருக்கு மருந்து வருவது நின்றது. எருமைகள் பால் தருவது நிற்கவில்லை, தயிர்த் தண்ணீரில் விட்ட முட்டைகளும் வழமைபோல் ஏப்பம் விட்டன. வெளியூரிலிருந்து வந்தவர்கள் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். வீரபாகு மிளகாய்க்குப் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருப்பார். தன் வீட்டுப் பின்கோடியிலிருந்து ஏப்பச் சத்தம் கேட்கும். தலை நிமிராமல் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குப் போவார்.