சிவப்பு டேப் இல்லாத முனை

மேரன், ஃபர் என்ற ஊசியிலை மரத்தின் உச்சியில், தரையிலிருந்து ஐம்பது மீட்டர் உயரத்தில், இடுப்புப் பட்டையில் தொங்கியபடி ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்து எடுத்து வந்தது எந்தக் கயிறு?

இரண்டு கயிறுகள் உண்டு. ஒன்று அறுபது மீட்டர், மற்றது நாற்பத்தைந்து. இரண்டும் ஒரே நீலம். தள்ளுபடியில் கிடைக்கிறதென்று, அவளோடு மரமேறும் ஹாலிஸ் சேர்த்து வாங்கியது. நீளக் கயிற்றின் ஒரு முனையில் மட்டும் சிவப்பு டேப் இருக்கும். மறுமுனைக்கு டேப் போதவில்லை. இப்போது உச்சிக் கிளையில் அவள் கட்டியிருந்த முனையில் டேப் இல்லை. மறுமுனை கீழே மூடுபனிக்குள் இருந்தது. கடலிலிருந்து ஏறி வந்த பனி, பாதி மரத்தை விழுங்கியிருந்தது.

நீளக் கயிறென்றால் பத்து நிமிடத்தில் நேரே தரைக்கு இறங்கிவிடலாம். குட்டையென்றால் தரைக்கு ஐந்து மீட்டர் மேலேயே தீர்ந்துபோகும். முனையில் முடிச்சு இருந்தால் அங்கே நிற்கலாம். இல்லாவிட்டால் விழவேண்டியதுதான். முடிச்சுப் போட்டாளா? போட்ட ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது இன்றைய ஞாபகமா, போன சனிக்கிழமையுடையதா?

கயிற்றை மேலே இழுத்துப் பார்த்தாள். பத்துக் கை வந்தது. பிறகு எங்கோ மாட்டிக்கொண்டது.

ஹாலிஸ் கீழே நின்றிருந்தால் இதெல்லாம் கேள்வியே இல்லை. "கயிறு தரையில" என்று கத்துவான், அவ்வளவுதான். அவனுக்கும் கோராவுக்கும் குழந்தை பிறந்து ஆறு வாரம். வரமுடியாது என்று சொன்னபோதே, "தனியா ஏறினா இனிமே என்கூடக் கயிறு கட்டாத" என்றும் சொல்லியிருந்தான். அவளும் சரியென்றாள். அதற்குப் பிறகு தனியாக ஏறுவது இது மூன்றாவது முறை.

ஏன் ஏறினாள்? கீழே ஆள் இருந்தால் பாதிக் காது தரையிலேயே இருக்கும். தனியாக இருந்தால் மரம் ஆடும், அவளும் ஆடுவாள், பிசின் வாசனை வரும், என்ன ஆச்சு என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இன்னொன்றும் புரியவில்லை. உச்சிக் கிளையின் கிழக்குப் பக்கத்தில் பாசி புதிதாக உரிந்திருந்தது. அவள் எப்போதும் கட்டுவது மேற்கில்.

கிளை கிளையாகவும் இறங்கலாம். இரண்டு மணி நேரமாகும். நீளக் கயிறுதான் என்று நம்பிச் சறுக்கிவிட ஆசையாக இருந்தது. வண்டியில் இன்று ஒரு கயிறுதான் இருந்தது, மற்றதை ஹாலிஸ்தான் எடுத்திருக்கவேண்டும். அது எது என்று அவனுக்குத்தான் தெரியும். மரத்தடியில் வராத சிக்னல் உச்சியில் வந்தது. கூப்பிட்டாள்.

"சொல்லு மேரன்." பின்னால் குழந்தை அழுதது.

"உன்கிட்ட இருக்கிறது நீளமா, குட்டையா?"

"எது?"

"கயிறுடா."

"காத்துச் சத்தம் வருது. எங்க இருக்க?"

"மேல."

"கீழ யாரு?"

"முதல்ல கயிறு எதுன்னு சொல்லு."

"நீளக் கயிறு இங்க இருக்கு," என்றான். "சறுக்காத. கேக்குதா? கிளை பிடிச்சு இறங்கு."

"போன வாரம் ரெண்டும் வண்டியில இருந்ததே? எப்ப எடுத்த?"

"செவ்வாய்க்கிழமை. பாப்பா துணி காயப்போட."

"அறுபது மீட்டர்லயா? ஊர்ப் பாப்பா துணியெல்லாமா?"

அவன் சிரிக்கவில்லை. மேரன் உரிந்த பாசியைப் பார்த்தாள்.

"ஹாலிஸ், துணிய எந்தப் பக்கத்துக் கிளையில காயப்போட்ட?"

"கிழக்குப் பக்கம்," என்றான் மெல்ல. "நானும் தனியா ஏறினதைக் கோராகிட்ட சொல்லிடாத."

கோபப்படுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் கயிற்றை எடுத்ததால்தான் செத்திருப்பாள். அவன் எடுத்ததாகச் சொன்னதால்தான் பிழைத்தாள்.

"முனையில முடிச்சுப் போட்டியா?" என்று கேட்டான்.

"போட்டேன்னு நினைக்கிறேன்."

"நானும் அன்னைக்கு அப்படித்தான் நினைச்சேன். இறங்கிப் பாத்தா முடிச்சு இல்ல."

"கீழ வந்து சிக்னல் கிடைச்சதும் கூப்பிடு. மத்தியானத்துக்குள்ள வரலைன்னா பாப்பாவைத் தூக்கிட்டு நானே வருவேன்," என்று வைத்துவிட்டான்.

கயிற்றை அவிழ்த்து இடுப்பில் மாட்டிக்கொண்டு, தன்னைக் கிளையோடு பிணைக்கும் குட்டைப் பட்டையை ஒவ்வொரு கிளையாக மாற்றி மாற்றி இறங்கினாள். நடுவில் ஒரு முறிந்த கிளைக்குச்சியில் கயிறு மாட்டியிருந்தது, விடுவித்தாள். தரைக்கு இருபது மீட்டர் மேலே கடைசிக் கிளை. அங்கே உட்கார்ந்து கீழ் முனையை இழுத்துப் பார்த்தாள். டேப் இல்லை. முடிச்சும் இல்லை.

கொஞ்ச நேரம் அந்த முனையையே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கயிற்றை இரட்டையாக மடித்துக் கிளையில் போட்டு, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு, பனிக்குள் விட்டு இறங்கத் தொடங்கினாள்.

நாலு மீட்டர் இறங்கியதும் நின்றாள். முடிச்சுப் போட்டோமா?

இரண்டு முனைகளையும் மேலே இழுத்துத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி இறங்கினாள்.