பேச்சிமுத்து அண்ணாச்சிக்கு மட்டும் சொல்லவில்லை

உலகத்தில் உள்ள எல்லாருக்கும் நற்செய்தி சொல்லி முடித்தாயிற்று. பாக்கி இருந்தது பேச்சிமுத்து அண்ணாச்சி ஒருத்தர்தான். அவர் கிருபைவிளையில், கோவிலுக்கு நேர் பின்பக்கத்து வீட்டில் இருந்தார்.

அவர் எப்படி விட்டுப்போனார் என்றால், இப்படித்தான். கிருபைவிளைக்காரர்கள் காணிக்கை பிரித்து ஒடிசாவுக்கு ஆள் அனுப்பினார்கள், அஸ்ஸாமுக்கு அனுப்பினார்கள், பெயரே வாயில் நுழையாத தீவுகளுக்கெல்லாம் ஜெபித்து வழியனுப்பினார்கள். பின்வீட்டுக்காரருக்கு வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டார்கள். அண்ணாச்சியும் கோவிலுக்கு வராதவர் இல்லை. வருடா வருடம் கோவில் வளாகத்தில் ஊருக்கே பந்தி போட்டுச் சாப்பாடு போடுகிற அசனத்துக்கு அவர்தான் சமையல். உள்ளே பிரசங்கம் நடக்கிற நேரமெல்லாம் அவர் பின்னால் நின்று அண்டாவில் சட்டுவத்தைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருப்பார். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

எல்லாருக்கும் சொல்லி முடிந்ததும் உலகத்துக்கு முடிவு வரும் என்று வேதத்தில் எழுதியிருக்கிறது. ஆகவே அண்ணாச்சி ஒருவர்தான் பாக்கி என்று தெரிந்த அன்றே சபை மன்றம் கூடியது. செயலாளர் தங்கதுரை அப்போதுதான் மாடி எடுத்து கான்கிரீட் போட்டிருந்தார். இன்னொருத்தர் வீட்டில் எருமை சினையாக இருந்தது. அண்ணாச்சிக்குச் சொல்லத்தான் வேண்டும், அதில் இரண்டாவது பேச்சே இல்லை, ஆனால் கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம் என்று முடிவு செய்தார்கள். கான்கிரீட் காய்ந்தது. அப்புறம் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது. எருமை ஈன்றது, அந்தக் கன்றும் சினையானது. வீடு வாசல் என்று இருந்தால் வேலை என்றைக்கு முடிந்திருக்கிறது?

பொற்கனிக்குத்தான் இதில் பெரிய சங்கடம். அவள் வீடு வீடாகப் போய் வேதம் சொல்வதற்கென்று சபை வைத்திருந்த பைபிள் அம்மா. சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் கேட்டு முடித்துவிட்டதால் அவளுக்குப் போக வீடு இல்லை. மீதி இருந்த ஒரே வீட்டுக்குப் போய், ஒன்றும் சொல்லாமல், மற்றவர்களும் வாய் தவறிச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சபை அவளுக்கு வேலையை மாற்றிக் கொடுத்தது. அவளும் தினம் காலையில் குடையை எடுத்துக்கொண்டு போய், அண்ணாச்சி வீட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு வருவாள்.

ஊரும் சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே ஒத்துழைத்தது. ஒலிபெருக்கிகளை உடைமரக்காட்டுப் பக்கம் திருப்பி வைத்தார்கள். கிறிஸ்துமஸ் கீத பவனி அவர் வீட்டைத் தாண்டும்போது ஆர்மோனியம் மட்டும் வாசிக்கும், பாடுகிறவர்கள் வாயை மட்டும் திறந்து திறந்து மூடுவார்கள். யேசுவடியான் என்று பெயர் வைத்தவனை அவர் முன்னால் ‘அடியான்’ என்றுதான் கூப்பிட வேண்டும். காலில் கல் தடுக்கினால்கூட ‘ஐயோ’வோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பேச்சிமுத்து அண்ணாச்சிக்கு இது தெரியாமல் இல்லை. தான் வந்தால் நாலு பேர் பேச்சை நிறுத்துவதை எந்த மனுஷன்தான் கவனிக்க மாட்டான்? ஆனால் அவர் காரணத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டார்.

“தங்கச்சி, உண்மையைச் சொல்லு,” என்று ஒருநாள் பொற்கனியிடம் கேட்டார். “அந்தப் பெருமழை பெய்ஞ்ச வருசம் சாம்பார்ல உப்பு கூடிப்போச்சுல்லா? அதானே எல்லாரும் என்னைக் கண்டா வாயை மூடிக்கிடுதாவ?”

“அப்படியெல்லாம் இல்லை அண்ணாச்சி.”

“நீ என் மனசு நோகக்கூடாதுன்னு மறைக்கே.”

அந்த மழைக்கு அப்புறம் அவர் அசனத்துக்கு உப்பே சரியாகப் போடவில்லை. ஊர்க்காரர்களும் சப்பென்ற சாம்பாரை வருடா வருடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவரவர் மனசு குறுகுறுக்கும்போது உப்பைப் பற்றி யார் வாய் திறப்பது?

இப்படியே போயிருக்கும். ஆனால் அண்ணாச்சிக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. அசனம் வரைக்கும் தாங்கினால் பெரிய காரியம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சபை மன்றம் மறுபடியும் கூடியது. போதகரை அந்தப் பக்கத்தில் ஐயர் என்பார்கள். ஐயர் ஆரம்ப ஜெபம் செய்தார். பிறகு தங்கதுரை எழுந்து விஷயத்தைச் சொன்னார்.

“அண்ணாச்சி கேக்காமலே போயிட்டார்னு வைங்க. அப்ப ‘எல்லாரும் கேட்டாச்சு’ங்கிற பேச்சுக்கே இடம் இல்லை. முடிவு வராது. என்னைக்குமே வராது.”

எல்லாருக்கும் மூச்சு வந்தது. ஒருத்தர் சந்தோஷத்தில் இன்னொரு காபி கேட்டார்.

பொற்கனி கடைசி பெஞ்சில் இருந்து எழுந்தாள். “அப்ப அண்ணாச்சி எங்கே போவாரு?”

இதை யாரும் யோசித்திருக்கவில்லை, ஆனாலும் எல்லாரிடமும் ஒரு பதில் இருந்தது. கேளாதவர்களுக்கு அவரவர் மனசாட்சிப்படி தீர்ப்பு உண்டு, அண்ணாச்சி ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவர், அவருக்குக் குறைவே வராது என்றார் ஒருவர். அசனத்து ஆட்டை எல்லாம் அறுத்தது யார் என்று இன்னொருவர் ஞாபகப்படுத்தினார். அப்படிப் போகிறவர்களுக்கென்று நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அங்கே வெயிலும் கிடையாது, நிழலும் கிடையாது என்று தங்கதுரை சொன்னார். கேட்காதவன் கேட்காதவன்தான், நெருப்புக்கு ஆள் பார்த்துச் சுடத் தெரியாது என்றார் ஒரு பெரியவர்.

“அது கர்த்தருக்குத் தெரியும்மா,” என்று ஐயர் முடித்துவைத்தார்.

“அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நமக்குத் தெரிஞ்சதை நாம சொல்லாம அனுப்புதோமே, அதைல்லா கேக்கேன்!”

பொற்கனிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணாச்சிக்குச் சலவைக்கல்லில் நல்ல கல்லறை ஒன்று கட்டுவதென்று தீர்மானம் போட்டார்கள். ஐயர் ஆசீர்வாதம் கூறுவதற்கு முன்பே அவள் வெளியே நடந்துவிட்டாள். கிருபைவிளையில் அதற்கு முன்னால் யாரும் அப்படிச் செய்ததில்லை.

அசனத்தன்று அண்ணாச்சியைக் கட்டிலோடு தூக்கி வந்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டார்கள். அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. படுத்தபடியே மோந்து பார்த்து, எதற்கு எப்போது தீயைக் குறைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொற்கனி கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தாள். கிண்ட ஆள் மாற்றியிருந்ததால் சட்டுவச் சத்தம் விட்டுவிட்டுத்தான் வந்தது.

“தங்கச்சி,” என்றார் அண்ணாச்சி. “ஒண்ணு கேக்கேன். கல்யாண வீட்டுக்கு ஆக்கப் போனா மாப்பிள்ளையைப் பாக்கோம். சடங்கு வீடுன்னா பிள்ளையைப் பாக்கோம். இத்தனை வருசமா இங்க ஆக்கிப் போடுதேனே, இது யாருக்கு விசேசம்? ஒருத்தர்கூட ஆளைக் காட்டலையே.”

பொற்கனி கத்தியைக் கீழே வைத்தாள். வெங்காயத்தால் வந்த கண்ணீர் எது, மற்றது எது என்று அவளுக்கே தெரியவில்லை. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. எட்டிப் பார்த்தால் தங்கதுரை சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். ஊர் முழுக்க நல்ல துணி உடுத்தி வந்திருந்தது. அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, “ஒருத்தர் இருந்தார் அண்ணாச்சி,” என்று ஆரம்பித்தாள்.

உலை கொதித்து அரிசி வேகும்வரைக்கும் சொன்னாள். மாட்டுத்தொழுவத்தில் பிறந்ததைச் சொன்னாள். குஷ்டரோகிகளைத் தொட்டதைச் சொன்னாள். ஆகாதவர்கள் என்று ஊர் ஒதுக்கினவர்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதைச் சொன்னாள். யாருக்காக வந்தாரோ அவர்களே பிடித்துக் கொடுத்ததையும், ஆணி அடித்ததையும் சொல்லும்போது அண்ணாச்சி, “அடப்பாவிகளா,” என்று எழுந்திருக்கப் பார்த்தார். கிண்டுகிறவன் கிண்டுவதை நிறுத்திவிட்டான். அடுப்பை மட்டும் யாரும் அணைக்கவில்லை.

“அப்புறம் உயிரோட எழுந்து வந்தாரு.”

“வந்து?”

“‘சாப்பிட ஏதாவது இருக்கா’ன்னு கேட்டாரு. சுட்ட மீன் குடுத்தாவ. சாப்பிட்டாரு.”

“நல்லா பசிச்சிருக்கும்.”

“இன்னொரு நாள் அவரே கடற்கரையில கரி மூட்டி, மீன் சுட்டு, ராத்திரி பூரா வலை போட்டுட்டு வந்தவங்களைக் கூப்பிட்டுப் பரிமாறினாரு.”

அண்ணாச்சி தலையணையில் இருந்து தலையைத் தூக்கினார். “அவரே ஆக்கினாரா?”

“அவரே.”

“அப்ப அவரு நம்ம ஆளுல்லா!”

முகம் அப்படி மலர்ந்துவிட்டது. எனக்குப் பிடிச்சிருக்கு, இவரைப் பற்றியா இத்தனை நாள் மறைத்தீர்கள், நான் உப்பு என்றல்லவா நினைத்தேன் என்று சொல்லிச் சிரித்தார்.

அந்நேரம் வானம் கிழக்கே இருந்து பாய் சுருட்டுகிற மாதிரி சுருள ஆரம்பித்தது. பனை உயரத்துக்குச் சுருண்டு வந்தது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள். தங்கதுரை வாளியை வைத்துவிட்டு, தன் மாடியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“தங்கச்சி, எங்கப்பாகிட்ட இதை யாரு சொன்னா?” என்று கேட்டார் அண்ணாச்சி.

அவர் அப்பா பனையேறி. அண்ணாச்சி கைப்பிள்ளையாக இருக்கும்போதே மரத்தில் இருந்து விழுந்து செத்துப்போனார்.

“யாரும் சொல்லலை அண்ணாச்சி.”

“தாத்தாவுக்கு?”

“அப்ப இந்தக் கோவிலே கட்டலையே.”

“அவரு தாத்தாவுக்கு? அவருக்கும் தாத்தா இருந்திருப்பாருல்லா?”

வானம் நின்றது.

“நாம தரைக்கு மேல இருக்கிறவங்களை மட்டும் பார்த்துட்டோம்,” என்றார் ஐயர் மெதுவாக. “கீழே இருக்கிறவங்கதான் ஜாஸ்தி.”

சுருண்ட வானம் மெல்ல விரிந்து பழையபடி கிடந்தது. கிழக்கே ஒரு மடிப்பு மட்டும் விழுந்துவிட்டது. சோற்றை வடிக்கச் சொல்லி அண்ணாச்சி சத்தம் போட்டார். பந்தி ஆரம்பித்தது.

எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபிறகு அவர் பொற்கனியைக் கூப்பிட்டார். “நான் போய்ச் சொல்லிக்கிடுதேன். எப்படியும் அந்தப் பக்கம்தானே போறேன்.”

“உங்களுக்கு உடம்பு முடியுமா?”

“முடியும். ஆனா வெறும் வயித்தோட இருக்கிறவன்கிட்ட எதைச் சொன்னாலும் ஏறாது. ஆக்கிப் போட்டுட்டுச் சொல்லுதேன். அந்தப் பெரிய அண்டாவும் சட்டுவமும் வேணும். எனக்குச் சலவைக்கல் எல்லாம் வேண்டாம். எங்கப்பா கிடக்கிற தேரிக்காட்டுச் செம்மண்ணுல வைங்க.”

அன்று சாயங்காலம் அவர் போய்விட்டார். பொற்கனி கூடப்பிறந்தவனைப் பறிகொடுத்தவள் போல நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அண்டாவில் தங்கதுரையின் அப்பா பெயர் வெட்டியிருந்தது. தங்கதுரை தன் கையாலேயே அதைக் குழிக்குள் இறக்கிவைத்தார்.

பொற்கனிக்கு வேலை இல்லாமல் போனது. அவரைத் தனியாக அனுப்பிவிட்டோமே, ஒரு ஆளாக அத்தனை பேருக்கு எப்படிச் சமாளிப்பார் என்ற நினைப்பு அவளை உறங்கவிடவில்லை. சோறு இறங்கவில்லை. தினமும் மத்தியானம் தேரிக்காட்டுக்குப் போய் அந்த மண்ணுக்குப் பக்கத்தில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அப்படி ஒரு மத்தியானம், மண் இளகி ஒரு ஆள் மேலே வந்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இடுப்பில் பாளை அரிவாள் தொங்கியது. தலையில் இருந்து செம்மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டான். மூக்கு அப்படியே அண்ணாச்சியின் மூக்கு.

“நீங்கதான பொற்கனி? மகன் அனுப்பினான்.”

பொற்கனி சேலைத்தலைப்பைச் சரி செய்துகொண்டு எழுந்து நின்றாள். “வாங்க பெரியப்பா. அண்ணாச்சி சொல்லிட்டாரா?”

“எங்கே சொல்ல? முதல் பந்தியே இன்னும் உக்காந்து முடியலை. ஆளு வந்துக்கிட்டே இருக்கு. எங்க தாத்தா வந்திருக்காரு, அவரு தாத்தா வந்திருக்காரு, என்ன பாஷை பேசுதான்னே தெரியாதவனெல்லாம் பிள்ளைகுட்டியோட வந்து உக்காந்திருக்கான். ஒருத்தரையும் எழுப்பிவிடக் கூடாதுங்கான் உங்க அண்ணாச்சி. வாழையிலை பத்தலை.”

“எத்தனை வேணும்?”

அவன் கடல் வரைக்கும் நீண்டு கிடந்த தேரியைத் திரும்பிப் பார்த்தான். “இந்த ஜில்லாவுல இருக்கிற தோட்டம் பூரா வெட்டினா, முதல் வரிசைக்கு வரும்.”

பொற்கனி குடையை மடக்கினாள். பெரியப்பாவிடம் அரிவாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு தோட்டங்களைப் பார்க்க நடந்தாள். இலைக்கட்டு கட்டுவதற்கு நார் கிழித்துக்கொண்டே அவனும் பின்னால் வந்தான்.