சொல்லாமல் விட்ட பாதி

சம்பந்தம் பேச வந்தவர்களின் கார் வாசலில் வந்து நின்றதும், அம்மா பின்னறைக் கதவை வெளியே தாழிட்டாள். உள்ளே அண்ணி இருந்தாள்.

"கொஞ்ச நேரந்தான். இருமல் வந்தா தலகாணியில வாயை வெச்சுக்கோ" என்று கதவிடம் சொல்லிவிட்டு, முகத்தில் சிரிப்பை ஏற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மூத்த மருமகள் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்பது ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டுக்குத் தலையாட்டியவர்களில் சின்ன மகனும் ஒருவன். வீட்டில் அவனுக்கு டாக்டர் என்று பெயர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவன். வித்தியாசம் தெரியாமல் தெருவில் எத்தனையோ பேர் அவனிடம் நாக்கை நீட்டிக் காட்டியிருக்கிறார்கள். புற்றுநோய்க்கு மருந்து தேடும் ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு வேலை. புற்றுநோய் வந்தது அண்ணிக்கு, ரத்தத்தில்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை, டாக்டர் தேடிக்கொண்டிருக்கிற மருந்துக்கு அண்ணன் முறை, அதே வகையில் முன்னால் வந்தது. முதல் நாள் அவனுடைய அண்ணன் அட்டையைப் பிரிக்கப் போனபோது, "வெறுங்கையால தொடாதேண்ணா, கையுறை போட்டுக்கோ. விஷம் மாதிரி அது" என்றான். இரட்டைக் கையுறையோடு தூளை நிறுக்கிறவன் வாயில் அது தானாக வருகிற பேச்சு. மீதியை ஆய்வுக்கூடத்தில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையைத்தான் தொடக்கூடாது, சாப்பிடுகிற ஆளைத் தொடலாம், கூட உட்கார்ந்து சாப்பிடலாம், பிள்ளையைப் பக்கத்தில் படுக்கப் போடலாம். வீட்டிலும் அதைச் சொல்லாமல் விட்டான்.

அம்மா பாதிப் பேச்சை முழு விலை கொடுத்து வாங்கிக்கொண்டாள். மறுநாளே அண்ணிக்குத் தட்டு தனியானது, பிறகு படுக்கை, பிறகு பின்னறை. நாலு வயது மகள் பாட்டியின் அறைக்குப் போனாள். யாராவது முகம் சுளித்தால், டாக்டரே சொல்லிவிட்டான் என்று முத்திரை குத்தினாள். டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தான். ஓரிரு தடவை வாயைத் திறந்ததும் உண்டு. தங்கை கல்யாணம் முடியட்டும், அதுவரை அம்மாவிடம் யார் வாய் கொடுப்பது என்று மூடிக்கொண்டான்.

மாப்பிள்ளையின் அப்பா துணி மொத்த வியாபாரி. உட்காரும்போதே ஜன்னல் திரையின் ஓரத்தை இரண்டு விரலுக்கிடையில் உருட்டி நெசவு பார்த்தார். அப்படிப்பட்டவர் முன்னால் வீட்டின் உயர்ந்த சரக்கை விரிக்க வேண்டாமா? அம்மா டாக்டரை விரித்தாள். என்ன மருந்து தம்பி என்று அவர் கேட்டார்.

டாக்டருக்கு அது பிடித்த பேச்சு. புற்றைத் தடுக்கிற மரபணு பல நேரம் கெட்டுப்போவதில்லை என்றான். கடைக்குள் சரக்கு பத்திரமாக இருக்கும், ஷட்டரை மட்டும் யாரோ இறக்கிவிட்டிருப்பார்கள். இறக்குவது ஒரு நொதி. அந்த நொதியின் கையைப் பிடித்து நிறுத்தினால் ஷட்டர் மெல்ல ஏறும், கடை மறுபடி திறக்கும். அப்படிக் கையைப் பிடிக்கிற மருந்துதான் எங்களுடையது. இன்னும் எலியைத் தாண்டவில்லை.

வியாபாரி சொக்கிப்போனார். கடையைக் கொளுத்தாமல் பூட்டைத் திறக்கிற வேலை என்று மனைவியிடம் திரும்பிச் சொன்னார். அந்த அம்மாள் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, தயங்கியபடி கேட்டாள்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. இந்த வீட்டுல யாருக்காவது அந்த நோய்..."

"இல்லீங்க. எங்க வீட்டுல யாருக்கும் இல்ல."

வார்த்தை எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அண்ணி ரத்த சொந்தம் இல்லையே என்று அவனுக்குள் ஒரு வக்கீல் எழுந்து நின்றான். வக்கீல் பேசப் பேசக் காது மடல் இரண்டும் சுட்டன. அண்ணன் தரையைப் பார்த்தான். தரையில் பார்க்க ஒன்றும் இல்லை.

கல்யாணப் பெண் எழுந்தாள். யாரும் தடுப்பதற்குள் பின்னறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அண்ணியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"இவங்க எங்க அண்ணி. அந்த நோய் இவங்களுக்குத்தான். தெரிஞ்சு பேசுங்க."

அம்மாவின் சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றுவிட்டது. வியாபாரி அண்ணியைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். பிறகு டாக்டரிடம் திரும்பினார்.

"இது ஒட்டுமா தம்பி?"

"ஒட்டாதுங்க. நோயும் ஒட்டாது, மாத்திரையை வெறுங்கையால தொடாம இருந்தாப் போதும். மத்தபடி ஒண்ணாச் சாப்பிடலாம், கட்டிப் பிடிச்சுக்கலாம். ஒரு தப்பும் இல்ல."

"எனக்குத் துணி வியாபாரம்தான் தெரியும். பழுதில்லாத துணியை யாரும் அடியில போட்டு மறைக்க மாட்டாங்க. மருந்து செய்யறவரே உள்ள வெச்சுத் தாழ் போட்டிருக்கீங்க. நான் உங்க பேச்சை நம்பறதா, தாழ்ப்பாளை நம்பறதா?"

வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று அவர்கள் எழுந்தார்கள். அண்ணி உட்கார்ந்திருந்த பக்கத்தைச் சுற்றி, பைகளை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். கார் தெருமுனை திரும்புவதற்குள் அம்மா பெண்ணின் மேல் பாய்ந்தாள். குடும்பத்தையே சந்தியில் நிறுத்திவிட்டாயே என்றாள். பெண் எச்சில் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அண்ணி டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் என்று சொல்ல முடியாது.

"கட்டிப் பிடிச்சுக்கலாம்னு சொன்னீங்களே, நெசந்தானா தம்பி?"

"நெசந்தான் அண்ணி."

"எப்போலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

அவன் வியாபாரி உருட்டிவிட்டுப் போன ஜன்னல் திரையை இழுத்து நேராக்கினான்.

"மருந்து வேர்வையில கசிஞ்சு புள்ளைக்குப் போயிடும்னு நெனைச்சேன். ராத்திரியில அழுவா, கேக்கும். போக மாட்டேன். தெரிஞ்ச நீங்களே பாத்துட்டு சும்மா இருக்கீங்கன்னா அது உண்மையாத்தானே இருக்கணும்னு இருந்தேன்."

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. பாட்டி அறைக்குப் போய், பொம்மைக்குத் தலைவாரிக்கொண்டிருந்த மகளை வாரி எடுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை ஒட்டவில்லை. கைகளை மடக்கிக்கொண்டு மரக்கட்டையாக இருந்தது. பாட்டியைப் பார்த்தது. பிறகு, அந்த வீட்டில் எது கூடும் எது கூடாது என்று தெரிந்த ஆள் யாரோ அவனைப் பார்த்தது.

"சித்தப்பா, அம்மா என்னைத் தொடலாமா?"

டாக்டர் குனிந்துகொண்டான்.

"அவரைக் கேக்காதேடா கண்ணு" என்றாள் அண்ணி, பிள்ளையின் மடக்கிய கையைப் பிரித்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டே. "அவருக்கு எல்லாம் தெரியும். வெளியாளு கேட்டாத்தான் சொல்லுவாரு."