மேலிருந்து வந்த விரிசல்

இப்பல்லாம் சுவரில் ஒரு கீறல் விழுந்தால் போதும், முன்பின் யோசிக்காமல் கட்டினவன் தலையில் போட்டுவிடுகிறார்கள். தான் கட்டிய பள்ளிக்கூடத்துக்கு வந்து வகுப்பறைச் சுவரில் விழுந்த விரிசலைப் பார்க்கச் சொன்னபோதே, தன் முப்பது வருஷப் பெயரைக் கெடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கிழட்டுக் கொத்தனாருக்குத் தெரிந்துவிட்டது.

பூகோள டீச்சர் அந்த விரிசலைக் காட்டியே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "உங்க மேல தப்பில்ல ஐயா. நாம நிக்கிற தரையே பெரிய பெரிய தட்டா நகருது. வருஷத்துக்கு நகம் வளர்ற அளவு."

"எனக்கு நகம் வளர்ந்து நான் பார்த்ததே இல்லம்மா," என்று சிமெண்ட் தின்ற விரல்களை நீட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவர் பெஞ்சில் ஏறினார். விரிசலின் உச்சியில் கரண்டி நுனி சுலபமாக நுழைந்தது. அடியில் நூல்கூட நுழையவில்லை. "தரை தள்ளினா கீழேர்ந்துதானே பிளக்கும்? இது மேலேர்ந்து வருது. வரும்போதே பார்த்தேன், மாடியில புதுசா வச்ச தண்ணித் தொட்டியை இறக்கச் சொல்லுங்க. என் வேலைக்குத் தட்டு வந்து சாக்குச் சொல்ல வேண்டாம்."

"தொட்டி சரி ஐயா. ஆனா தட்டு நகர்றது நிஜம். மலையெல்லாம் அப்படித்தான் எழும்புச்சு."

"மலையை நான் கட்டல. கட்டினவனைக் கேளுங்க," என்று கரண்டியைத் துடைத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.