வாப்பாவின் பச்சை விளக்கு

...அப்படியென்றால் வாப்பாவும் அந்த முகநூல் பதிவுக்கு இதயம் போட்டிருக்கிறார், போன ரமழானில் மவுத்தாகி அடக்கம் செய்யப்பட்ட வாப்பா, திகன ஊர் ஹலீம் ஹாஜியார், அதுவும் தன் துணிக்கடையின் படத்துக்கே, மேலே சிங்களத்தில் 'இங்கே வாங்காதே, இவர்களைத் துரத்து' என்று எழுதியிருக்க... கைரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அதே பெயர், அதே தொப்பி. அவருக்கு மேலும் கீழும் எத்தனையோ பெயர்கள், எல்லாம் ஒரே நிமிடத்தில், மனிதர்கள் இப்படி வரிசையாக வருவார்களா? வரமாட்டார்கள், இது பொட் என்ற கள்ள நிரல், பத்தாம் வகுப்புக்கு அவளே படிப்பித்த பாடம்: இலவச மென்பொருளில் ஒளிந்து கணினிக்குள் வரும், சத்தமில்லாமல் படுத்திருந்து கடவுச்சொல்லைத் திருடி அனுப்பும், எங்கோ ஒருவன் கட்டளையிட்டால் ஆயிரம் கணினிகள் ஒன்றாக எழுந்து சொன்னதைச் செய்யும், சொந்தக்காரருக்குத் தெரியவே தெரியாது... பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள், அவளும் பரீட்சைக்கு வரும் என்று மட்டும்தான் சொன்னாள்.

எதில் வந்திருக்கும், உம்மா கேட்கட்டும் என்று இறக்கிய, குர்ஆன் ஓதும் அந்தக் கிராஅத் மென்பொருளிலா? எதில் வந்தால் என்ன, கதவைத் திறந்து வைத்தது அவள்தானே, வாப்பா போனபின் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்த உம்மாவுக்குக் கைபேசியில் வாப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிய வேண்டும், அதைப் பார்த்தால்தான் சோறு இறங்கும், அதற்காக அவர் கணக்கை மூடாமல், இந்தக் கணினியை அணைக்காமல்... இத்தா முடிந்த பிறகும் அணைக்க மனம் வரவில்லை. பாவி, அணைத்திருக்கலாமே.

காலையில் கடையைப் பார்க்கப் போய் கலவர ஊரடங்கில் மாட்டிக்கொண்ட, அவளுக்கு மூத்த ஹபீல் நானா, மூடிய ஷட்டருக்குள்ளிருந்து அழைத்துப் பேசினார். "தங்கச்சி, கல்லெறியிறாங்க. வாப்பாட பேரக் காட்டிச் சிரிக்கிறாங்க. ஒங்கட ஹாஜியாரே சரியெண்டுட்டாராம்..." பிறகு ஏதோ உடையும் சத்தம், அழைப்பு அறுந்தது. திரும்பத் திரும்ப எடுத்தாள், மணியே போகவில்லை. பொலிஸுக்கு என்ன சொல்வது, மவுத்தானவர் எழுதவில்லை என்றா, யார் கேட்கப்போகிறார்கள், கட்டளையிட்டவனுக்கு வாப்பாவைத் தெரியுமா, தெரியாது, அதுதான் தாங்க முடியவில்லை. குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். கணினியின் இரைச்சல் நின்றது.

"மகள், வாப்பாட லைட்டு நூந்துட்டே," என்றாள் உம்மா அறையிலிருந்து. "கரண்ட் போயிட்டா?"

என்ன சொல்ல, போய்விட்டது என்றா, வாப்பாவே போய்விட்டார் உம்மா என்றா... அந்த லைட்டை இவ்வளவு நாளும் எரியவைத்தது நான்தான் என்று இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும், அவள் அறைவாசலுக்குப் போனாள்.

"ஆ, வந்துட்டு," என்று உம்மா கைபேசியைத் திருப்பிக் காட்டிச் சிரித்தாள். வாப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. கைரியா திரும்பி, தான் பிடுங்கிப் போட்ட பிளக்கைப் பார்த்தாள். அது தரையில்தான் கிடந்தது.