கேப்டன் ராபர்ட்டின் கோட்டு

நீதிமன்றத்து ஆவண அறையில் சத்தம் கூடாது என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தும் நான் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகுதான் அண்ணன் ஞாபகம் வந்தது. அந்த அறைக்குப் பொறுப்பான ட்ரீமா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். முப்பது வருடம் இந்தப் பள்ளத்தாக்கில் தபால் போட்டவள் நான். அவள் கல்யாண அழைப்புகளை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததே நான்தான். அதனால் என்னை வெளியே போகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"என்னக்கா, கேப்டன் கிடைச்சிட்டாரா?"

"ஆளு கிடைச்சிட்டாரு. கேப்டனைத்தான் காணோம்."

ராபர்ட் கில்கெசன்தான் எங்கள் வம்சத்தின் முதல் ஆள். அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரிலிருந்து கப்பலேறி, பிலடெல்பியாவில் இறங்கி, வர்ஜீனியாவின் இந்த மலையடிவாரத்தில் காடு திருத்திக் குடியேறியவர். அது நடந்து இருநூற்று எண்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் ராஜாவின் படையில் கேப்டன், வெள்ளைக் குதிரையில் வந்தார், எதற்குமே அஞ்சாதவர் என்பது என் அண்ணன் எம்மெட் சொல்லும் கதை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் கல் தேவாலயத்து வால்நட் மரத்தடியில் குடும்பமே கூடும்போது அண்ணன் எழுந்து அதைச் சொல்லுவான். அப்பா சொன்னது, அவருக்கு அவருடைய அப்பா சொன்னது. கேப்டனின் கல்லறை எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதனால் தேவாலயத் தோட்டத்தில் அவருக்கு ஒரு நினைவுக்கல் நட வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. இடம் தருகிறேன், ஆனால் ஒரு காகிதமாவது ஆதாரம் வேண்டும் என்று போதகர் கார்லா சொல்லிவிட்டார். அண்ணன் வேலையை என் தலையில் கட்டினான். ஊர் பூராவும் விலாசம் கண்டுபிடித்தவளுக்கு நம் ஆளின் விலாசம் ஒரு பெரிய காரியமா என்றான்.

மூன்று மாதம் தேடினேன். முதலில் கிடைத்தது ஒரு அவதூறு வழக்கு. 1747-இல் ராபர்ட் கில்கெசன் பக்கத்து நிலத்துக்காரன் மேல் போட்டது. 'அடுத்தவன் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தவன்' என்று அவன் நாலு பேர் முன்னால் பேசிவிட்டானாம். விசாரணை நாள் வந்ததும் ராபர்ட் வழக்கை வாபஸ் வாங்கியிருக்கிறார். அதில் அவரை 'கேப்டன் என்று அழைக்கப்படும் நெசவாளி' என்று குறித்திருந்தது. எந்தக் கோட்டு என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பிலடெல்பியாவின் பழைய செய்தித்தாள்களில் தேடிப் பாருங்கள் என்று ட்ரீமாதான் வழிகாட்டினாள். அன்றைக்கு என்னைச் சிரிக்க வைத்தது அவற்றில், வழக்குக்குச் சில வருடம் முன்னால் வந்திருந்த ஒரு விளம்பரம்.

'அயர்லாந்துக்காரப் பணியாள் ராபர்ட் கில்கிசன் ஓடிவிட்டான். வயது இருபது. நெசவு தெரிந்தவன். மெலிந்த உடம்பு, செம்பட்டை முடி. வாய் ஓயாது. கப்பல் கூலிக்கு ஈடாக எழுதிக்கொடுத்த வேலை ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி. போகும்போது எஜமானரின் பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டையும் ஒரு முழுப் பாலாடைக்கட்டியையும் எடுத்துப் போயிருக்கிறான். வழியில் தன்னைக் கேப்டன் என்று சொல்லிக்கொள்ளக் கூடும்.'

இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது? வசந்தகாலத்தில்தான் அவனுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. எழுபத்தொன்பது வயது. அண்ணி போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் அவனுக்குப் பேச்சுத் துணை கேப்டன் ஒருவர்தான். மறைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் வந்த கடிதத்தைச் சேர்க்காமல் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

அண்ணன் ஏணிமேல் நின்று ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்தான். ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த ஏணி. இறங்கி வந்து காகிதத்தை வாங்கி, உதடு அசைய இரண்டு முறை படித்தான். பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, இது வேறு யாரோ என்றான். நான் வழக்கைப் பற்றியும் அதில் வரும் கோட்டு பற்றியும் சொன்னேன். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி ஏணியில் ஏறினான்.

"நீ கெளம்பு லொரீனா. எனக்கு வேலை கெடக்கு."

பத்து நாள் போன் இல்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. பிறகு ட்ரீமா சொல்லித்தான் தெரிந்தது, அவன் ஆவண அறைக்கே வந்து, பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி, அந்த வழக்கு ஏட்டின் முன்னால் நான்கு மணிநேரம் உட்கார்ந்திருந்தானாம். போகும்போது அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறான். பிலடெல்பியாவிலிருந்து இங்கே நடந்து வர எத்தனை நாள் ஆகும்?

கூட்டத்தன்று எண்பது பேராவது இருப்போம். வறுத்த கோழியும் பன்றிக்கறி வைத்த பிஸ்கட் ரொட்டியும் ஒரு சுற்று முடிந்ததும் அண்ணன் எழுந்தான். கேப்டன் ராபர்ட் கில்கெசன், என்று எப்போதும்போல ஆரம்பித்தான். பழைய கதையையே சொல்லப் போகிறானோ என்று நினைத்தேன். நல்லவேளை, அத்தோடு நிறுத்தி, பையிலிருந்து காகிதத்தை எடுத்தான். விளம்பரத்தை நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல் படித்தான். பாலாடைக்கட்டி வந்ததும் கூட்டம் சிரித்தது. சித்தப்பா மகன் ஹார்லன் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, திருடனுக்கா தேவாலயத்துல கல்லு வைக்கப் போறோம்?"

அண்ணன் அவன் பக்கம் திரும்பினான்.

"ஆஸ்பத்திரியில நெஞ்சைக் கிழிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சப்ப எனக்குக் கை காலெல்லாம் நடுங்குச்சு ஹார்லன். அவ்வளவு பெரிய கேப்டன் வம்சத்துல பொறந்துட்டு இப்படிப் பயந்து சாகுறோமேன்னு வெக்கமா இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல. இந்தப் பய பயந்துதான் ஓடியிருக்கான். ஒவ்வொரு ஊர்லயும் யாராச்சும் புடிச்சிருவாங்களோன்னு பயந்துக்கிட்டே கேப்டன்னு சொல்லியிருக்கான். குதிரையில வந்தவரைவிட இவனை எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு."

அவன் பயந்தது எனக்கே தெரியாது. அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துப் போகும்போது என்னிடம் நர்ஸைப் பற்றிக் கேலி பேசிக்கொண்டு போனவன் அவன். ஹார்லன் அண்ணனின் தட்டில் ஒரு கோழித்துண்டை எடுத்து வைத்தான். போதகர் கார்லா காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, ஆதாரம் இதைவிடப் பலமாக வேண்டாம் என்றார். கல்லில் 'நெசவாளி' என்று வெட்டுவதா, ஊரே கூப்பிட்டபடி 'கேப்டன்' என்று வெட்டுவதா என்பதில் மட்டும் சாயங்காலம் வரை சண்டை ஓயவில்லை. நீங்கள் அடித்துக்கொண்டு முடியுங்கள், அதுவரை அந்த ஒரு வரிக்கு இடம் விட்டு வைக்கிறேன் என்று விருந்துக்கு வந்திருந்த கல்தச்சர் சொல்லிவிட்டு இன்னொரு துண்டு பீச் பழக் கேக் எடுத்துக்கொண்டார்.

டென்னசியிலிருந்து வர வேண்டியவர்கள் வண்டி பழுதாகித் தாமதமாக வந்து சேர்ந்தார்கள். கதை அவர்களுக்குத் தெரியாதே என்று அண்ணன் மறுபடி எழுந்தான். இந்த முறை கோட்டில் பொத்தான்கள் கூடியிருந்தன. ஆற்றைக் கடக்கும்போது ராபர்ட்டுக்குப் பின்னால் ஒரு நாயும் நீந்தி வந்தது. விளம்பரத்தில் நாய் இல்லை. வழக்கிலும் இல்லை. மூன்று மாதம் நான் படித்த எந்த ஏட்டிலும் இல்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் இரண்டு விரலை வாயில் வைத்து, ராபர்ட் அந்த நாயை எப்படிக் கூப்பிட்டான் என்று காட்ட நீளமாக ஒரு விசில் அடித்தான். மரத்தடியில் இருந்த அத்தனை பேரும், ஹார்லன் உட்பட, திரும்பிக் காட்டுப்பக்கம் பார்த்தார்கள்.