ரெசிடென்சி

ரிசீவரை ஒரு காதோடு அழுத்தி, இன்னொரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றான் லுக்மான். மனாமா நகரத்துக் குதைபியாவில் சித்தீக் காக்காவின் மளிகைக் கடை அது. வெள்ளிக்கிழமை என்பதால் ஷட்டர் பாதி இறக்கியிருந்தது.

"அவுக வாப்பா சரின்னுட்டா இன்னைக்கு அசர் தொழுகையோட அடக்கிரலாம் தம்பி," என்றார் சித்தீக். "மையவாடியில எங்க வீட்டு ரஹீமா மையத்தைக் குளிப்பாட்ட ஆரம்பிச்சிருப்பா. என்ன ஏதுன்னு கேட்டாருன்னா, திடீர்னு ஆயிப்போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

லுக்மான் தலையாட்டினான். புதுக்கோட்டையில் மனைவி மெஹர்பானுவின் வீட்டுப் பக்கம் போன் இருந்தது அரிசிக் கடையில்தான். மெஹர்பானு விடியும் முன் ஆஸ்பத்திரியில் இறந்துபோன செய்தியைக் காலையிலேயே சித்தீக் அங்கே சொல்லிவிட்டார். இப்போது அவள் தகப்பனாரைக் கூட்டிவர ஆள் போயிருந்தது. லைனில் இரைச்சல் மட்டும் கேட்டது.

மத்தது என்று சித்தீக் சொன்னது ஒரு வார்த்தையைப் பற்றி.

எம்.ஏ. சரித்திரம் படித்துவிட்டு மனாமாவில் ஏசி கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்தவன் லுக்மான். டியூட்டி முடிந்து வந்தால் புதுக்கோட்டை சமஸ்தானத்தைப் பற்றி எழுதுவான். குறுகல் சந்துகளாய்க் கிடந்த ஊர், சமஸ்தானத்தைக் கண்காணித்த வெள்ளைக்கார அதிகாரியான ரெசிடென்ட் காலத்தில் எப்படி நேர்நேரான வீதிகளாய் மாறியது, யார் வீட்டை இடித்தார்கள், யார் வாயைத் திறக்கவில்லை என்பதெல்லாம் அதில் ஒரு அத்தியாயம். அதற்கு வீட்டில் 'ரெசிடென்சி' என்று பெயர். மெஹர்பானுவின் தகப்பனார் கௌஸ் முகம்மது மாமாவுக்கு ஊரில் புத்தகம் பைண்டு பண்ணும் தொழில். ரிக்கார்டு ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் மருமகன் கேட்டதைப் பார்த்துப் பிரதி எடுத்து அனுப்பிவைப்பார்.

"இந்த மனாமாவுலயும் ஒரு ரெசிடென்ட் இருந்தான், தெரியுமா?" என்று ஒருநாள் அவன் சொன்னபோது மெஹர்பானு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவனுக்கு யாருங்க விசா அடிச்சுக் குடுத்தது?" என்றாள்.

குளிர்காலம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம், அவள் பின்னால் வந்து நின்று, "ரெசிடென்சி முடியப் போகுதுங்க," என்றாள். அவன் தலையைத் தூக்கவில்லை. "ஆமா, இந்த வாரம் முடிச்சிடுறேன்," என்றான். எழுத்தைக் கேட்கிறாள் என்று நினைத்தான். அவள் கேட்டது பாஸ்போர்ட்டில் அடிக்கும் ரெசிடென்சியை, இந்த நாட்டில் தங்கும் அனுமதியை. முடிச்சிடுறேன் என்று புருஷன் சொன்ன பிறகு அவள் ஏன் மறுபடி கேட்கப் போகிறாள்?

புதன்கிழமை ராத்திரி வயிற்று வலி என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பப் பாஸ்போர்ட்டை எடுத்தபோதுதான் முத்திரையின் தேதி அவன் கண்ணில் பட்டது. முடிந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

"நான் கேட்டப்ப முடிச்சிடுறேன்னீங்களே?"

"நான் எழுதுறதைச் சொன்னேன் பானு."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். பிறகு அவள்தான் வேண்டாம் என்றாள். "இப்படியே போனா ஆஸ்பத்திரியில எழுதிக்கிருவாக. உங்க வேலைக்கு ஏதாச்சும் வந்துரும். சனிக்கிழமை விசா வேலை பாக்குற கம்பெனி மந்தூப் வரட்டும், முத்திரை அடிச்சுக்கிட்டுப் போவோம். சுக்குத்தண்ணி குடிச்சாச் சரியாயிரும்."

அவனும் சரி என்றுவிட்டான். இத்தனைக்கும் அவள் உதடு வெளுத்திருந்ததைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் சரி என்றான். வியாழக்கிழமை பகலில் வலி விட்டமாதிரி இருந்ததாம். அவள் தூங்கட்டும் என்று மேசையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினான்.

அன்று ராத்திரி தூக்கிக்கொண்டு போனபோது குடல்வால் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவன் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். யாரும் அதைக் கேட்கவில்லை. பெயரையும் வயதையும் மட்டும் கேட்டார்கள்.

"மாப்ள," என்றது போன்.

"மாமா."

"புள்ளைய ஊருக்குக் கொண்டார முடியுமா?"

"நாளாகும் மாமா. பெட்டியில வச்சு..."

இரைச்சல். சேதி போய்ச் சேர்ந்து பதில் திரும்ப நேரம் பிடித்தது.

"வேணாம். பொட்டியில போட்டு வைக்க வேணாம். அங்கனயே அடக்கிருங்க. அவ அம்மாக்கிட்ட நான் சொல்லிக்கிறேன்." மாமா மூச்சு வாங்கினார். "ஏன் மாப்ள, ஆஸ்பத்திரி பக்கத்துலதான்னு சொல்லுவாளே. வலின்னதும் கூட்டிட்டுப் போகலையா?"

லுக்மான் சித்தீக்கைப் பார்த்தான். அவர் கையை அசைத்து, வேண்டாம் என்றார்.

"ரெசிடென்சி முடிஞ்சு போச்சு மாமா," என்றான் லுக்மான். "என் தப்புதான். நான்தான்..."

அவன் குரலே அவனுக்குத் திரும்பி வந்து கேட்டது. அந்தப் பக்கம் யாரோ பெண்கள் அழுதார்கள்.

"முடிஞ்சிருச்சா?" என்றார் மாமா. "போன தடவ பேசி அனுப்புன கேசட்டுல கூடச் சொன்னா. அத்தா, அவுக ரெசிடென்சிய முடிச்சதும் ஊருக்கு வர்றோம்னு. அவ இருக்கையிலயே முடிச்சிட்டீகளா மாப்ள?"

லுக்மான் வாயைத் திறந்தான்.

"பாத்துட்டுத்தான் போயிருக்கா. அது போதும் எனக்கு. அதுல என்ன தப்பு இருக்கு உங்க மேல?" என்றார் கிழவர். "எழுதுனதைக் கொண்டாங்க. வெளிய யார்கிட்டயும் குடுக்காதீக. நானே தைச்சு, நானே அட்டை போடுறேன்."

இது வேற ரெசிடென்சி, மாமா என்று சொல்ல இரண்டு நொடி போதும். சித்தீக் கூட இப்போது தடுக்காமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி மாமா," என்றான் லுக்மான்.

வண்டியில் ஏறியதும் சித்தீக் கேட்டார். "சொல்லிட்டீங்களா?"

"ம்."

"என்னா சொன்னாரு?"

"அடக்கிரச் சொன்னாரு."

மையவாடியில் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. தொழுகை முடிந்து, மையத்தைச் சுமந்துவந்த சந்தாக்கைக் குழியருகே இறக்கினார்கள். உள்ளே யார் இறங்குவது என்ற பேச்சு வந்தது. அவளுக்கு அண்ணன் தம்பி யாரும் இந்த ஊரில் இல்லை.

"புருஷன் இறங்கட்டுமே," என்றார் சித்தீக். "எங்க மத்ஹபு சட்டத்துல தாராளமா இறங்கலாம்."

"இவரு ஹனபி மத்ஹபுல்ல?" என்றார் இன்னொருவர். "பொண்டாட்டி மௌத்தானதுமே நிக்காஹ் முறிஞ்சுபோச்சுல்ல? தொடலாமாங்க?"

"முகம் தெரியாதவன் தொடலாம், கட்டுனவன் தொடக்கூடாதா? என்னாங்க பேசுறீங்க?" என்று சித்தீக் குரலை உயர்த்தினார். "தம்பி, நீங்க இறங்குங்க. நான் பாத்துக்கிறேன்."

எல்லோரும் லுக்மானைப் பார்த்தார்கள்.

"நான் இறங்கலை காக்கா," என்றான்.

பெண் மையத்து என்பதால் குழிக்கு மேலே ஒரு போர்வையை விரித்துப் பிடிக்க நாலு பேர் வேண்டியிருந்தது. அவன் போய் ஒரு முனையை வாங்கிக்கொண்டான். கீழே ஆட்கள் பலகையை நகர்த்தும் சத்தம் கேட்டது. "மெதுவா, தலைப்பக்கம்," என்றது ஒரு குரல். காற்று போர்வையைத் தூக்கியபோதெல்லாம் அவன் தன் பக்கத்தை முழங்கால் வரை இறக்கி இழுத்துப் பிடித்தான்.

"முடிஞ்சது. விட்டுரலாம்," என்றார்கள்.

மற்ற மூவரும் விட்டுவிட்டார்கள். போர்வை காற்றில் ஒருபக்கமாகப் பறந்து படபடத்தது. மண் தள்ள மண்வெட்டியோடு நின்றவன் அது இறங்கட்டும் என்று காத்திருந்தான். லுக்மான் தன் முனையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.